வலக்கையில் தொங்கிய பவழமாலை

இடக்கை விரல்கள் பவழமணியைப் பொறுக்கி நூலில் ஏற்றின. வலக்கைக்குக் காவல் வேலை மட்டும்தான். மூடிய முஷ்டியாக நூலின் நுனிமேல் உட்கார்ந்து, அது நழுவாமல் பார்த்துக்கொண்டது.

அபேயோகுட்டா ஊரில் கல்யாண மணிமாலை என்றால் இபிரோங்கேதான். அப்பாவும் அம்மாவும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்த எஸ்.எஸ். ரத்தம் அவளுக்கு, பிறவியிலேயே. அரிவாளாக வளைந்த ரத்த அணுக்கள் குழாய்களில் சிக்கி வலிக்கும். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அவை மூளைக்குப் போகும் குழாயையே அடைத்தன. பக்கவாதம் வலக்கையை முடக்கியது, வாயைத் தொடவில்லை. மறுபடி வராமலிருக்க மாதாமாதம் ஆஸ்பத்திரியில் புது ரத்தம் ஏற்றுவார்கள். "ஆயில் மாத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

கோர்ப்பதில் குறையில்லை. கொடுப்பதில்தான் வம்பு. இடக்கையால் நீட்டினால் யார் வாங்குவார்கள்? இதுவரை அண்ணி எடுத்துக் கொடுத்தாள்; அவள் இப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். இந்த மாலையோ அதுனோலாவின் கல்யாணத்துக்கு. பெண்ணைப் பெற்ற அதுனோலாம்மா முதலிலேயே சொல்லியிருந்தாள்: "எடது கையால குடுத்தா அப்படியே திரும்பிப் போயிடுவேன்." போனால் சந்தை முழுக்கப் பேச்சாகிவிடும்.

கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு, இபிரோங்கே வலக்கையை வெந்நீரில் ஊறவைத்தாள். விரல்கள் இளகின. ஆனால் காலையில் வருவதாகச் சொன்ன அதுனோலாம்மா, தலையில் சுற்றிய துணி கோபுரமாக நிற்க, மதியம்தான் வந்தாள். அதற்குள் கை பழையபடி மூடிக்கொண்டது.

"மால ஆச்சா?"

"அது எப்பவோ ஆச்சும்மா, நீங்கதான் லேட்டு. மாப்பிள்ள ரத்தம் பாத்தாச்சா?"

"ஏ.ஏ., கொறையே இல்லாத ரத்தம்! அதக் கேட்டப்புறம்தான் பேரையே கேட்டோம்."

"எங்க வீட்ல பேர மட்டும் கேட்டுட்டாங்க."

அதுனோலாம்மா சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "எங்கடி உங்க அண்ணி?"

"பிரசவத்துக்குப் போயிருக்கா."

"அப்போ யாரு குடுக்கறது?"

"நாந்தான்."

இபிரோங்கே வலக்கை விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அசையவில்லை. அதுனோலாம்மாவின் பார்வை வாசல் பக்கம் போனது. இபிரோங்கே தன் முஷ்டியையே பார்த்தாள். திறக்காத கைக்கு எதையும் பிடிக்கத் தெரியாது. மாட்டினால் நழுவவும் விடாதே?

மூன்று சர மாலையை இடக்கையால் எடுத்து வலது மணிக்கட்டில் மாட்டினாள். இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வலக்கையைத் தோளிலிருந்து மெல்லத் தூக்கினாள். மணிகள் கலகலக்க, கை மேலே வந்தது.

"சீக்கிரம் வாங்கிக்கங்கம்மா, கை வலிக்குது!"

அதுனோலாம்மா இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.