உடைக்காமல் பார்த்த முட்டை

அன்றைக்குக் கூட்டேரிப்பட்டு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், ஆராய்ச்சிப் படிப்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள், என் அண்ணன், அண்ணி. மூலையில் கூடைக்குள் ஓர் அடைக்கோழி, அதன் கீழே பதினோரு முட்டை. வேறு யாரும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், பிறகு ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள்.

அண்ணன் வந்தது மகளின் வரன் விஷயமாக. கிளியனூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண் கிருமியோடு வேலை செய்வதுதான் பிடிக்கவில்லை. படிப்பை விட்டால் தை மாதமே கல்யாணம்.

"வுடலன்னா, படிப்புக்கு நான் குடுத்த அறுபதாயிரத்த எடுத்து வெச்சிடும்மா," என்றார்.

நான் பயந்தவள். ஏழாவதோடு நின்றவள். மகள் வந்தால் துப்பட்டாவைத் தனியாக வெந்நீரில் போடுவேன். போனில் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் கை கழுவினாயா என்றுதான் கேட்பேன். 1993இல் வெள்ளைக்கழிச்சல் வந்து என் கோழிகள் கழுத்து திருகிச் செத்தன. இந்தக் கையால்தான் அள்ளிப் புதைத்தேன். அவள் வேலை செய்வது அதே கிருமியோடு. மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்று எத்தனை தடவை சொன்னாலும் என் பயம் போகாது. ஆகவே, சரி என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் மகள் லேப்டாப்பைத் திறந்து அண்ணன் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரையில் உயிரோடு இருக்கும் ஒரு கோழி செல். அதற்குள் பச்சையாக ஒளிரும் புரதம். முதலில் பனி மாதிரி எங்கும் பரவிக் கிடந்தது. கிருமி நுழைந்த பிறகு பொட்டுப் பொட்டாகத் திரண்டது. சில பொட்டுகள் நகர்ந்தன, ஒன்றோடொன்று ஒட்டின, இரண்டு பிரிந்து போயின.

"இது கிருமிய எதுக்கிற புரதம் மாமா. எங்க போவணும்னு அதுக்கு யாரு சொல்றாங்கன்னுதான் பாத்துக்கினு இருக்கேன்."

"பொட்டு நவுர்றத பாக்க மூணு வருசமா? கொன்னு அறுத்துப் பாத்தா ஜல்தியா முடியாதா?"

"செத்த செல்லுல அது எங்க இருந்துச்சுன்னு தெரியும் மாமா. எப்பிடிப் போச்சுன்னு தெரியாது."

"இன்னா பேஜாரும்மா இது," என்றாள் அண்ணி.

எனக்குச் சட்டென்று புரிந்தது. எழுந்து, அறை இருட்டாகக் கதவைச் சாத்தினேன். கோழி கொத்தக் கொத்த ஒரு முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தின் மேல் வைத்தேன். அடை வைத்து எட்டாம் நாள். சிவப்பு நரம்புகளுக்கு நடுவே கறுப்பாகக் குஞ்சின் கண் ஒன்று ஆடியது.

"இத உடைச்சிப் பாத்திருந்தா இன்னா ஆயிருக்கும்ண்ணா?" என்று கேட்டேன்.

"ஆம்லெட்டுக்குக்கூட ஆவாது," என்றார் என் வீட்டுக்காரர். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

அண்ணன் சிரிக்கவில்லை. "கல்யாணமா, படிப்பா? ஒண்ண சொல்லு."

"படிக்கட்டும். பயப்படறது நானு. அதுக்கு அவ ஏன் நிக்கணும்? உன் பணத்த நான் குடுக்கறேன்."

"கோழி வித்தா?"

"கோழி வித்துத்தான். முட்டையும் வித்து."

பயம் இருந்தது. இருந்தால் என்ன, சொன்னதை மாற்றவில்லை. சாயங்காலம் திண்டிவனத்தில் மகளை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக அப்போதும் கை கழுவச் சொன்னேன்.

அந்தப் பொட்டுகளுக்கு யார் வழி சொல்கிறார்கள் என்று அவளுக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. மெதுவாகத் தெரியட்டும். அண்ணன் வீட்டுக்கு மாதாமாதம் நானே போய்ப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன். அண்ணி தண்ணீர்கூடத் தருவதில்லை. பாக்கி முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.