அரை நாள் தீவும் பக்கத்து சீட்டும்

என் கணவருக்கு ஊர் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர் ஒன்று வைத்திருக்கிறார். பெங்களூருக்கு வருகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு விதான சவுதா, கப்பன் பார்க், திப்பு அரண்மனை, பசவன்குடி நந்தி, லால்பாக் என்று காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார். டிரைவரும் அவரே, கைடும் அவரே. தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்னி உருது, ஒரு மாதிரியான இங்கிலீஷ் என்று ஐந்து பாஷைகளில் ஒரே ஜோக்கைச் சொல்வார். ஐந்திலும் அது சுமார்தான்.

அந்த வண்டியில் பிரயாணியாக நான் உட்கார்ந்ததே இல்லை. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது. நான் பிரேசர் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். எனக்கு நைட் டியூட்டி முடியும்போது அவருக்கு டிரிப் ஆரம்பிக்கும். மர்பி டவுன் வீட்டு வாசலில் சாவியைக் கை மாற்றிக்கொள்வதே எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி. லால்பாக் கண்ணாடி மாளிகையை நான் பார்த்தது, கோலார் தங்கவயலில் ஸ்கூல் படிக்கும்போது எக்ஸ்கர்ஷன் வந்தபோதுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் அதைக் காட்டியவர் என்னிடம் ஒரு நாள்கூட "வா, காட்டறேன்" என்று சொன்னதில்லை. கேட்டால், "நீதான் இந்த ஊர்லயே கீறியே, உனக்கு இன்னா காட்றது" என்பார்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு எங்கள் மகள் அந்தமானுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறவள். எங்களைக் கேட்காமலே போட்டுவிட்டாள். கேட்டிருந்தால் அவர் "சீசன் டைம்" என்றிருப்பார். அவருக்கு வருஷம் முழுக்க சீசன்தான்.

போர்ட் பிளேரில் இறங்கிய மறுநாள் ஒரு தீவுக்கு அரை நாள் டூர். காலையில் படகில் கூட்டிப்போய், கைடு வைத்துச் சுற்றிக் காட்டி, மதியத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அதாவது, இவர் பெங்களூரில் செய்வதையேதான் அங்கே கடலில் செய்கிறார்கள். முதல் நாள் ராத்திரியே நான் சொல்லிவிட்டேன்.

"இதோ பாருங்க. நாளைக்கு அரை நாளு. நீங்க என் பக்கத்து சீட்டுல உக்காந்து வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"உக்கார்றேன். அதுல இன்னா கஷ்டம்?"

"கஷ்டம்தான். உங்கள எனக்குத் தெரியும்."

காலையில் அவருடைய போனையும் வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பெங்களூரிலிருந்து எவனாவது கூப்பிட்டு ஏர்போர்ட் பிக்கப் என்று ஆரம்பித்தால் எனக்குத் தாங்காது.

படகுத்துறையில் கைடு எங்களுக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல குரல். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பமாம். எங்களிடம் தமிழும் மற்றவர்களிடம் ஹிந்தியுமாகப் பேசினார். பதினாலு பேர் என்று சொல்லி எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். என் கணவர் என் பக்கத்தில், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

படகு துறையைவிட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கல்கத்தாக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? இவர் எழுந்துவிட்டார். "ஆகே ஆயியே மேடம், ஆகே" என்று அந்தம்மாவைக் கைத்தாங்கலாகப் படகின் முன்பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தார். வண்டியில் குமட்டுகிறவர்களை முன் சீட்டுக்கு மாற்றுவது அவர் வழக்கம். ரோட்டில் அது சரி. படகில் முன்பக்கம்தான் அதிகமாகத் தூக்கிப் போடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தங்கவயலில் பிறந்த மனிதர், அதற்கு முன் ஏறிய ஒரே படகு அல்சூர் ஏரியில். பாவம் அந்தம்மா, தீவு வரும்வரைக்கும் வாந்திதான். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்து, நெற்றியைப் பிடித்துவிட்டேன். ஆக, நானும் டியூட்டி பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் திரும்ப என் சீட்டுக்கு வந்தேன். அவர் வரவில்லை.

தீவு அழகாக இருந்தது. அதை மனசாரச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ஊராக இருந்த இடம். இப்போது மனிதர்கள் யாரும் குடியில்லை. சர்ச் சுவரையும் ரொட்டி சுட்ட பேக்கரியையும் ஆலமரத்து வேர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. புள்ளிமான்கள் நம் தெரு நாய்களைப் போலப் பயமில்லாமல் குறுக்கே நடந்தன. தென்னைக்கு நடுவே தெரிந்த கடல், ஓரத்தில் பச்சையாகவும் தள்ளிப்போகப் போக நீலமாகவும் இருந்தது. பெங்களூர்க்காரிக்குக் கடல் என்றாலே கொஞ்சம் அதிசயம்தான். நான் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால், "அங்க பாருங்க" என்று சொல்ல நன்றாக இருக்கும்.

அந்த ஆள் கூட்டத்துக்குக் கடைசியில் வந்துகொண்டிருந்தார். தனியாகப் போட்டோ எடுக்கப் போகிறவர்களை "சலோ, சலோ, ஜல்தி" என்று சேர்த்துக்கொண்டு வந்தார். குஜராத்தி வயசாளி ஒருவரின் பையைத் தோளில் மாட்டியிருந்தார். பாதி வழியில் கைடு தன்னுடைய சின்னக் கொடியையே இவர் கையில் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, நீங்க பின்னாடி வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல குரு, நீ சொல்லிக்கினே போ. ஆனா ஒண்ணு, ஹிஸ்டரிய நடக்கும்போது சொல்லாத. நிக்க வெச்சி சொல்லு. அப்பதான் கேப்பாங்க."

பெங்களூர்ப் பழக்கத்தில் யாரைப் பார்த்தாலும் அவருக்கு 'குரு'தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் போய், "இன்னாங்க, சம்பளம் எவ்ளோ பேசினீங்க?" என்று கேட்டேன். "சும்மா ஒரு ஹெல்ப்தான்" என்று சொல்லிவிட்டு, என் தலைக்கு மேலாக யாரையோ பார்த்து, "பாய்சாப், இதர் சே!" என்று கொடியை ஆட்டினார்.

சுற்றி முடித்து எல்லோரும் படகுத்துறைக்கு இறங்கினோம். இவர் படகின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து ஏற்றினார். கல்கத்தா அம்மாவுக்கு, குஜராத்திப் பெரியவருக்கு, புனேயிலிருந்து வந்த காலேஜ் டீச்சருக்கு, எல்லோருக்கும் அந்தக் கை இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு வீம்பு வந்தது. தேடி வரட்டுமே என்று தோன்றியது. ஒரு தடவையாவது "என் ஒய்ஃப் எங்க?" என்று கேட்டுக்கொண்டு வரட்டும். நான் நடையைத் தளர்த்தி, பாதை வளைவில் ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஐம்பத்தைந்து வயதில் கண்ணாமூச்சி விளையாடினேன் என்று சொன்னால் வார்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு மான் வந்து என் கைப்பையை மோந்து பார்த்தது. உள்ளே வீட்டிலிருந்து கொண்டுவந்த நிப்பட்டு, அதுதான் தட்டை, இருந்தது. நான் அதை விரட்டிக்கொண்டிருக்கும்போதே துறைப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. முப்பது வருஷமாக நான் கேட்கிற குரல்.

"ஆல் ஓகே! ரைட், ரைட்... போலாம் ரைட்!"

எஞ்சின் சத்தம் கேட்டது. நான் சுவரைச் சுற்றி ஓடி வருவதற்குள் படகு துறையைவிட்டு நகர்ந்துவிட்டது. கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? படகின் முன்னால், அவர் கையில் கொடியோடு எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். போன் செய்யலாம் என்று பையைத் திறந்தால் அவருடைய போனும் என் கையில்தான் இருந்தது. சிக்னலும் இல்லை. துறையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு ஹிந்தியில், "ஒண்ணும் கவலைப்படாதே, அடுத்த படகு வரும்" என்றாள். அவள் ஒரு இளநீரைச் சீவிக் கொடுத்தாள். நான் கரையோரமாகப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அழுகை எங்கேயோ போய்விட்டது. தண்ணீர் கணுக்காலில் வெதுவெதுப்பாக வந்து போனது. யாருக்கும் ஊசி போட வேண்டியதில்லை, யாருக்கும் சாவி கொடுக்க வேண்டியதில்லை. நிப்பட்டை எடுத்து உடைத்து, இளநீரோடு தின்றேன். அந்த மான் மறுபடியும் வந்தது. அதற்கும் ஒரு துண்டு போட்டேன். மானுக்கெல்லாம் போடக் கூடாது என்று கைடு சொல்லியிருந்தார். கைடே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டபிறகு அவர் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்? இந்த மனிதர் இல்லாமலும் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த உடனேயே, "அங்க பாருங்க, தண்ணிக்குள்ள மீனு" என்று வாய் தானாகச் சொன்னது. என்ன செய்வது, இப்படிப் பழகிவிட்டது.

அப்போதுதான் தூரத்தில் போய்க்கொண்டிருந்த படகு திரும்புவதைப் பார்த்தேன்.

படகை முழுசாக நிறுத்தவில்லை, கயிறு கட்டவில்லை. இவர் குதித்துவிட்டார். இடுப்பளவு தண்ணீரில், பேன்ட்டும் ஷூவுமாக, நீச்சல் தெரியாத மனிதர், தண்ணீரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளம் வந்த வீட்டில் பீரோவைக் காப்பாற்றப் போகிறவரைப் போல இருந்தது. என் முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஒரு நர்ஸாக முதலில் நாடியைத்தான் பிடித்துப் பார்த்தேன். குதிரை ஓட்டம் ஓடியது.

"எண்ணினேன்," என்றார். "எண்ணிட்டுத்தான் ரைட் குடுத்தேன். பன்னெண்டு கரெக்டா இருந்துச்சி."

"நம்ம பேட்ச் பதினாலு பேராச்சே. அது இன்னா பன்னெண்டு?"

அவருக்கே அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"வண்டில எண்ணும்போது என்னைச் சேத்து எண்ண மாட்டேன்ல? ப்யாசஞ்சர மட்டும்தான் எண்ணுவேன். அந்தப் பழக்கத்துல..." என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை எண்ணல. உன்னையும் எண்ணல. நீ என்கூடதான் கீறேன்னு நெனச்சிக்கினேன்."

திட்டுவதற்கு நான் எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. கால் மணி நேரமாகச் சேர்த்தது. ஒன்றும் உதவவில்லை. முப்பது வருஷமாக இந்த மனிதர் என்னை வெளியே நிறுத்தியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு மறந்துபோயிருக்கிறார். அதற்காகவும் அடிக்கலாம்தான். ஆனால் அடிப்பது கஷ்டமாக இருந்தது.

"இனிமே என்னை எண்ணுங்க," என்றேன். "கூட இருந்தாலும் எண்ணுங்க."

தலையை ஆட்டினார்.

படகில் ஏறினபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புனே டீச்சர் நடந்ததைச் சொன்னார். பறக்கிற மீன் ஒன்று படகுக்குப் பக்கத்தில் எழும்பிப் போயிற்றாம். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்திலிருக்கும் யாரையோ தட்டுவதுபோல் கையை நீட்டி, "ஏய், அத பாரு" என்றாராம். கை காற்றில் விழுந்தது. அதன்பிறகு அவரைப் பிடித்து நிறுத்தவே நான்கு பேர் வேண்டியிருந்ததாம். அங்கேயே கடலில் இறங்கப் பார்த்தாராம். கைடு பாவம், என்னைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார். "தப்பு என்மேலதான்க்கா, நான்தான் எண்ணியிருக்கணும்" என்றார். நிஜம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு யார்மேலும் கோபம் மிச்சமில்லை.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இவர் சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் புடவையும் நனைந்தது. கைடு எண்ண ஆரம்பிப்பதற்குள் இவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

உப்புத் தண்ணீர்க் கையை என் உச்சந்தலையில் வைத்து, "ஒண்ணு," என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "ரெண்டு." கொடியைக் கைடிடம் நீட்டினார்.

"மிச்சம் நீ எண்ணிக்கோ, குரு."

கரை வந்து சேரும்வரை அவர் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.