விடுபட்ட தாள்

எண்பதுகளின் நடுவில் கோப்பாய்ப் பக்கத்துச் சிறிய நூலகம் ஒன்றில் நான் நூலகராக இருந்தேன். மாட்டு வைத்தியம் பற்றிய பழைய புத்தகம் ஒன்றைத்தான் மாடு வளர்க்கும் தோட்டக்காரர்கள் அதிகம் கேட்பார்கள். அதன் தாள்கள் தொட்டாலே உதிரத் தொடங்கியதால் அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பட்டினத்து அச்சக முதலாளி ஒருவர் போட்ட மறுபதிப்பை வாங்கினோம். அட்டை பளபளத்தது. உள்ளே மை அப்பிக் கிடந்தது.

ஒரு நாள் அயலிலிருந்த தோட்டக்காரர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வயிறு ஊதிய பசுவுக்கு அதில் இருந்தபடியே மருந்து பருக்கியிருக்கிறார். பசு செத்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"நீங்கள் தந்த புத்தகந்தானே, பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

பழைய பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். மறுபதிப்பின் நடுவில் ஒரு தாள் விடுபட்டிருந்தது. வயிற்றுப் பொருமலுக்கான மருந்து பாதியில் நின்று, உள்ளே போனால் விஷமான, புண் கழுவும் துருசுத் தண்ணீரோடு சேர்ந்திருந்தது. பக்க எண்களோ பிசகாமல் ஓடின.

இரண்டையும் கொண்டு அச்சகத்துக்குப் போனேன். முதலாளி தேத்தண்ணீர் குடித்தபடி பார்த்தார்.

"எங்களுக்குக் கிடைச்ச பிரதியிலை அந்தத் தாள் இல்லை. ஊர் நூலகத்திலை ஆர் உதைப் பார்க்கப்போகினம்?"

பசு செத்ததைச் சொன்னேன். அது பருக்கினவனின் பிழை என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது, இந்த மனுசனை என்ன செய்யலாம் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை. இரண்டு பதிப்பின் பக்கங்களையும் அருகருகே பிரதி செய்து, மேலே அச்சகத்தின் பெயரைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவருடைய மற்ற மறுபதிப்புகளையும் வரி வரியாகப் பார்த்தேன். அகப்பட்ட ஒவ்வொரு பிழையும் எனக்கு இனித்தது. நெல்லியடி வரை சைக்கிளில் போய் நூலகம் நூலகமாகக் காட்டினேன். அவரிடம் வாங்குவதை எல்லோரும் நிறுத்தினார்கள்.

கடைசியில் அவரே நூலகத்துக்கு வந்து சுவரைக் காட்டினார்.

"உதை ஒருக்கால் கழட்டிவிடுங்கோ, தங்கச்சி. திருத்தி அடிச்சுத் தாறன்."

"முதல் அந்தத் தோட்டக்காரரிட்டைப் போய்ப் பிழையை ஒத்துக்கொள்ளுங்கோ. வீடு பக்கத்திலைதான்."

ஓம் என்று தலையாட்டிவிட்டு, மற்றப் பக்கமாகச் சைக்கிளை மிதித்துப் போனார். மாரியில் ஈரம்பட்டுச் சுவரிலிருந்த தாள் கிழிந்தபோது புதிதாக எழுதி அதே இடத்தில் ஒட்டினேன். பிறகு அவருடைய அச்சகத்தில் கலியாணக் கார்டுகளும் மரண அறிவித்தல்களும்தான் அடித்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலையில் அவருடைய குடும்பத்துக்கும் எங்களுக்கும் ஒரே வகுப்பறை. அவருடைய மனைவிக்கு என்னுடைய பாயைக் கொடுத்தேன். அவரோடு கதைக்கவில்லை.