வாசல் படிக்கு ஒரு அலுமினியத் தகடு

பக்கவாதம் வந்து என் மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் வாசல் படியில் அவளை நான்தான் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. சரிவுப் பாதை போட, தடித்த அலுமினியத் தகடு வாங்கி ஜிக்சா மின்ரம்பத்தால் வேகமாக அறுத்தேன். சிறிது தூரத்திலேயே அலுமினியம் இளகி பிளேடின் பற்களில் அப்பிக்கொண்டது. வெட்டும் கோணலானது.

"இவ்வளவு ஜல்தி எதுக்குங்க? தோசைக்கல்லுக்குத் தடவற மாதிரி எண்ணெய் தடவிப் பாருங்க" என்றாள்.

பற்களைச் சுத்தம் செய்து தேங்காயெண்ணெய் தடவினேன். நேரான கட்டை ஒன்றைத் தகட்டின்மேல் கிளாம்பால் இறுக்கி, அதன் ஓரமாகவே மெதுவாக அறுத்தேன். வெட்டு சுத்தமாக வந்தது. பிசிறை அரத்தால் ராவினேன்.

தகட்டைப் பொருத்தியதும் நாற்காலியைப் பிடிக்கப் போனேன்.

"விடுங்க, நானே போறேன்."

தெருமுனை வரை போய்விட்டுத்தான் திரும்பினாள்.