அப்பாவின் அவுட் பாஸ் நோட்டு

ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் மை நாற்றம் மூக்கைக் குத்தியது. குடிகாட்டு ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் எங்கள் தெருவுக்கு வருமே, ஏறக்குறைய அதே நாற்றம். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காகச் சித்தப்பா எழுதிக்கொடுத்த வாசகத்தைக் கடைக்காரர் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்: 'நாட்டைக் காத்த வீரர், வீட்டைக் காத்த தலைவர்.' இரண்டாம் பாதியைப் படித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை தட்டியது. வீட்டை அவர் எப்படிக் காத்தார் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரமே கறுப்பு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் என்ன?

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்று 2005இல் கடலூர் திரும்பியபோது நான் நாலாம் வகுப்பு. அதுவரை வருடத்துக்கொரு முறை வந்துபோகும் விருந்தாளியாக இருந்தவர், வந்ததும் ஒரு ரசாயனக் கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். மிச்ச நேரத்தில் எங்கள் வாசலுக்கும் அதே வேலையைப் பார்த்தார். இரும்புக் கேட்டை ஒட்டிய தூணில் ஓர் ஆணி, ஆணியில் பிளாஸ்டிக் உறை போட்ட நீள நோட்டு, நோட்டில் நூல் கட்டிய பேனா. அம்மாவோ நானோ ரேஷன் கடைக்குப் போனாலும் போகும் இடம், போன நேரம், வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு "அவுட் பாஸ்" என்று பெயர். வெளியூர் என்றால் முந்தைய நாளே அனுமதி. அவர் டியூட்டிக்குப் போய்விட்டாலும் நோட்டு டியூட்டியில் இருந்தது.

தெருவில் அவருக்கு நல்ல பெயர். "தங்கமான மனுசன், பாட்டிலத் தொட மாட்டாரு, பொண்டாட்டி மேல கை வெக்க மாட்டாரு" என்பார்கள். உண்மைதான், ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்பதை எந்த வாயால் போய்ச் சொல்வது?

அம்மா அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அனுமதி கொடுத்தவர் அவர்தான், கம்பெனியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவரும் அவர்தான். 2010இல் அவளுக்கு ஒரே ஒரு பேப்பர் பாக்கி. அதற்கான கடைசி வகுப்புக்குச் சிதம்பரம் போனவள், திரும்பும் வழியில் பஸ் பஞ்சராகி, சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் கழித்து வந்தாள். அப்பா கத்தவில்லை. "ஏழு நாள் பாஸ் கட்" என்று நோட்டில் எழுதினார். பரீட்சை அஞ்சாவது நாள்.

அன்று காலை அம்மா பட்டுக்கரைப் புடவை கட்டி, ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றாள்.

"என்னாங்க, இன்னிக்கிதான் பரிச்ச."

"தெரியும். இன்னும் ரெண்டு நாள் இருக்குது."

"ஏழு நாள் முடிஞ்சப்புறம் யாரு பரிச்ச வெப்பா?"

"லேட்டா வந்தப்ப அத யோசிச்சிருக்கணும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஒன்பதாம் வகுப்புக்காரிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, பேனாவை இழுத்து அம்மாவின் பெயரை நானே எழுதினேன்: சிதம்பரம், பரீட்சை, காலை 7.10. அப்பா சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்ததுபோல் அந்த வரியை அடித்து, 'அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. "வுடு பாப்பா, போயிருச்சி" என்று அம்மா உள்ளே போய் நைட்டிக்கு மாறி மாவாட்ட உட்கார்ந்தாள். அதன்பிறகு அந்தப் படிப்பைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அடுத்த வருடக் கடைசியில் 'தானே' புயல் வந்து எங்கள் மதிலையும் கேட்டையும் சாய்த்துப் போட்டது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தெருவுக்கு நடக்கலாம். விடிந்ததும் அப்பா, கேட் இருந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கிளம்பிய அம்மா, திறந்து கிடந்த வழியை விட்டுச் செங்கல் குவியலைச் சுற்றிப் போய், குனிந்து கையெழுத்துப் போட்டாள். அவரை மன்னிக்கலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த முதுகுதான் எனக்குத் தெரிகிறது. நான் 2012இல் பள்ளி விடுதிக்குப் போனபோது 'வந்த நேரம்' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனேன். அம்மா, அவர் சாகும்வரை எழுதினாள்.

ஃப்ளெக்ஸோடு, நினைவு நாளன்று கொடுக்க ஒரு மலரும் அச்சாகிறது; அதில் சித்தப்பா எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். சிவப்பு மை அடித்த பக்கத்தைப் படம் எடுத்து அப்படியே போடப்போகிறேன் என்றதும் அவர் முகம் கறுத்தது.

"செத்த மனுசன் மேல என்னா கோவம் ஒனக்கு?"

"செத்தவர் மேல இல்ல சித்தப்பா, கேட்டுல நின்னவர் மேல."

"அவுரு ஒழுங்கா வளத்ததாலதான் இவ்ளோ வாய் பேசுற."

அம்மாவிடம் கேட்டேன், அது அவளுடைய பக்கம் அல்லவா. "போட்டுக்க. எம் பேர அடிச்சிருக்காருல்ல, அது தெளிவா வுழணும்" என்றாள்.

இப்போது தூணில் ஆணி மட்டும் இருக்கிறது. நோட்டுகளைக் கொளுத்திவிடலாம் என்றேன். "கடைசி நோட்டு பாதி வெறுந்தாளா கெடக்கு, நோட்ஸ் எடுக்க ஆவும்" என்று அதை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். அவளுடைய பழைய பி.ஏ. பதிவு காலாவதியாகிவிட்டது. முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்பம் வாங்கத் திங்கட்கிழமை சிதம்பரம் போகிறோம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். "தெரியாது" என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.