இரஞ்சிதத்தின் சீவிய உரித்து

கரம்பொன்னில் ஏரம்பர் வீட்டைத் தெரியாதவர்கள் இல்லை. மலைநாட்டுக் கம்பளையில் சுருட்டுக் கடை வைத்து, கடைசியில் அந்தக் கடைக் கட்டடத்தையே சொந்தமாக வாங்கிய மனிதர். 1957இல் கண்ணை மூடுவதற்கு முன் நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்து, ஒரே மகள் இரஞ்சிதத்துக்காக ஓர் உறுதிப் பத்திரம் எழுதுவித்தார். கட்டடத்தின் வாடகை மாதாமாதம் அவளுடைய சீவியத்துக்குப் போக வேண்டும். கலியாணம் நடந்தால் கட்டடமே அவளுக்குச் சீதனம். கலியாணம் இல்லாமல் அவள் காலம் முடிந்தால் அது மகன் அரியநாயகத்தின் பிள்ளைகளுக்கு. அதுவரை பொறுப்பாயிருந்து வாடகையை வாங்கிக் கொடுக்க வேண்டியவன் அரியநாயகம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு உறுதியை இனசனத்துக்கு முன்னால் வாசித்தார்கள். இருபது வயது இரஞ்சிதம், அப்பா தன்னை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை என்று நினைத்து அழுதாள். தமையன் அவள் தலையைத் தடவினான். அவளுக்குக் கலியாணம் நடக்காமல் இருந்தால் லாபம் யாருக்கு என்று அன்று அங்கே இருந்த ஒருவரும் யோசிக்கவில்லை. அரியநாயகம் மட்டும் யோசித்தான்.

முதல் வருடம் காசு அவள் கைக்கே வந்தது. பிறகு பாதியாயிற்று. பிறகு நின்றுபோயிற்று.

“வீட்டுக்குள்ளதானே இருக்கிறாய். சாப்பாடு கிடைக்குது. உனக்கென்னத்துக்குக் காசு?” என்றான் அரியநாயகம்.

சாப்பாடு கிடைத்தது உண்மைதான். அதைச் சமைப்பவளும் அவள்தான். அண்ணன் பெண்சாதி விடியப் படுக்கையை விட்டு எழும்பும்போது முற்றம் கூட்டி, மாட்டைக் கட்டி, குசினியில் அடுப்பும் மூட்டியிருக்க வேண்டும். உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் கேட்டால் மச்சாள் கட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஒரு பாதியைத்தான் நீட்டுவாள். வருடத்துக்கொரு சேலை. அதையும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, “இவவுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கிறேல்லை” என்பாள்.

கலியாணப் பேச்சுகள் வராமல் இல்லை. சரவணையிலிருந்து ஒரு வாத்தியார் வந்து பார்த்தார். அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பித் தரும்போது அவர் சிரித்தது அவளுக்கு நெடுநாள் மனதில் நின்றது. வேலணையிலிருந்து ஒரு கிளாக்கர் வந்தார். இன்னும் சிலர். எல்லாருக்கும் அவளைப் பிடித்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அரியநாயகம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “சாதகம் பொருந்தேல்லை” என்று வந்து சொல்வான். முப்பது வயதுக்குப் பிறகு படலையை ஒருவரும் திறக்கவில்லை.

1970இல் ஒரு நாள், ஊர்காவற்றுறை பஸ் தரிப்பில் கலியாணத் தரகர் அப்புத்துரை அவளைக் கண்டு பக்கத்தில் வந்தார். முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது.

“பிள்ளை, இப்ப வலிப்பு வாறேல்லையோ?”

“ஆருக்கு?”

“உமக்குத்தான்.”

“எனக்கென்ன வலிப்பு?”

அவர் தடுமாறிப் போனார். “கொண்ணர் அரியநாயகம்தானே சொன்னவர். ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை பகுதிக்கு நான்தான் போய்ச் சொன்னனான். மறைச்சுக் கட்டிக் குடுத்தாப் பாவமெண்டு அவர் கண்ணீர்கூட விட்டவரே!”

பஸ் வந்தது, போனது. இரஞ்சிதம் ஏறவில்லை. வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தாய் இலட்சுமிப்பிள்ளை பின் விறாந்தையில் பனம்பழப் பினாட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்கு எப்ப வலிப்பு வந்தது?”

தாயின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

“உங்களுக்கும் தெரியுமோ?”

“அவன்தானே என்னைப் பாக்கிறவன்” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. பினாட்டை மறுபடியும் கிழிக்கத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை இரஞ்சிதம் தோட்டைக் கழற்றி விற்றுக்கொண்டு வழக்குப் பேசும் பிறக்கிறாசி சரவணமுத்துவிடம் போனாள். அவர் உறுதியின் பிரதியை எடுப்பித்து இரண்டு தரம் வாசித்தார்.

“உம்முடைய அப்பா தந்தது பிச்சை இல்லைப் பிள்ளை, உரித்து. வாடகையை மாதாமாதம் காசாய்த் தரவேணும். என்ன வந்தது, என்ன போனதெண்டு கேட்டாக் கணக்குக் காட்டவேணும். நீர் எங்கை இருந்தாலும் தரவேணும். வீட்டில இருந்து வேலை செய்தாத்தான் தருவன் எண்டு சொல்ல ஏலாது. பொறுப்பாய் இருக்கிறவர் அதில தனக்கொரு லாபமும் தேடவும் ஏலாது.”

“அண்ணை இவ்வளவு காலமும் ஒண்டும் தரேல்லை ஐயா.”

“அப்ப அவரை விலத்திப்போட்டு வேறை ஆளைப் போடச் சொல்லிக் கோட்டிலை கேக்கலாம். ஆனா ஒண்டு. வழக்கு வைச்சால் உமக்கு வீடு இராது. யோசிச்சுக்கொள்ளும்.”

“இப்பவும் இல்லை” என்றாள் அவள்.

வக்கீல் கடிதம் கிடைத்த அன்றே அவளுடைய தகரப் பெட்டி ஒழுங்கையில் கிடந்தது. அயலில் தனியே இருந்த கத்தோலிக்க விதவை அல்போன்சம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய், தன் வீட்டின் பக்க அறையைத் திறந்துவிட்டாள்.

யாழ்ப்பாணக் கோட்டில் வழக்கு இழுபட்டது. அரியநாயகத்தின் பக்கம் ஒரே ஒரு வாதம்தான்: தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு, புத்தியும் மட்டு, காசு கொடுத்தால் கண்ட பாட்டுக்குத் தொலைத்துவிடுவாள், ஆகவேதான் அவன் அதை வைத்து அவளைப் பராமரித்தான். அதற்குச் சாட்சி சொல்ல அவன் தாயைக் கூட்டி வந்தான்.

இலட்சுமிப்பிள்ளை சாட்சிக் கூட்டில் ஏறி நின்றாள். புதுச் சேலை உடுத்தியிருந்தாள். மகள் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

“ஓம். அவளுக்கு வலிப்பு.”

சரவணமுத்து மெதுவாக எழுந்தார். “எந்த ஆசுப்பத்திரியில காட்டினனீங்கள், அம்மா?”

தாய் மகனின் முகத்தைப் பார்த்தாள்.

“அங்கை பாக்க வேண்டாம். எந்த ஆசுப்பத்திரி?”

“காட்டேல்லை.”

“ஒரு பரியாரியிட்டையாவது?”

“காட்டேல்லை.”

“பெத்த பிள்ளைக்கு வலிப்பு வருது, ஒருத்தரிட்டையும் காட்டேல்லை?”

இலட்சுமிப்பிள்ளை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். இரஞ்சிதத்துக்கு எழுந்து போய்த் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. வழக்கு தன் பக்கம் சாய்வது அவளுக்கு விளங்கியது, அதைக் கெடுக்க அவள் விரும்பவில்லை.

நீதிபதி அரியநாயகத்தைப் பொறுப்பிலிருந்து விலத்தி, யாழ்ப்பாணத்தில் இளைப்பாறியிருந்த ஒரு தபாலதிபரை அந்த இடத்தில் நியமித்தார். தின்ற வாடகையைத் திருப்பிக் கொடுக்க அரியநாயகம் புகையிலைத் தோட்டத்தை விற்க வேண்டி வந்தது. அதன்பின் மாதம் பிறந்தால் தபாலில் காசுக் கட்டளை இரஞ்சிதத்தின் பெயருக்கு வந்தது. முதல் காசில் அவள் ஒரு முழுச் சவர்க்காரக் கட்டி வாங்கினாள்.

1974இல் இலட்சுமிப்பிள்ளை செத்துப்போனாள். பறைச் சத்தம் கேட்டுத்தான் இரஞ்சிதத்துக்குத் தெரிந்தது. ஓடினாள். படலையில் அரியநாயகம் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போறன்.”

“எல்லாத்தையும் கோட்டிலை கேட்டுத்தானே எடுக்கிறனீர். அம்மாவின்ர முகத்தையும் அங்கையே கேட்டு எடும்.”

பிறந்த நாள் முதல் ‘நீ’ என்று கூப்பிட்டவன் அன்று ‘நீர்’ என்றான். உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரும் எழுந்து வரவில்லை. அவள் கிளுவை வேலியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் நின்றாள். பாடை அவளைத் தாண்டிப் போனது. பூச்சோடினைக்குள் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு அவள் அழுததை அல்போன்சம்மா கண்டதில்லை. 

காலம் போனது. 1980இல் அரியநாயகத்தின் மூத்த மகள் அம்பிகைக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுப் பட்டினங்களில் தமிழருடைய கட்டடத்துக்கு நல்ல விலை நெடுநாள் நிற்காது என்று எண்ணிய மாப்பிள்ளை வீட்டார், கம்பளைக் கட்டடத்தை இப்போதே எழுதித் தந்தால் உடனே விற்றுவிடலாம் என்றார்கள். இரஞ்சிதத்துக்கு வருகிற காசு குறையாதபடி வங்கியில் தொகையும் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். வாடகை பெறும் தன் சீவிய உரித்தை விடுகிறேன் என்று அவள் ஒரு கையெழுத்து வைத்தால் போதும்.

அம்பிகை தானே வந்தாள். இருபத்தொரு வயது.

“மாமி, உங்களுக்கு ஒரு சதமும் நட்டம் வராது.”

“தெரியும். பிறக்கிறாசியார் சொன்னவர். விடுறதும் விடாததும் என்ர இட்டமெண்டும் சொன்னவர்.”

“நான் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே, மாமி.”

“இல்லை. நீ ஒண்டும் செய்யேல்லை” என்றாள் இரஞ்சிதம். பெட்டையின் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்கு அம்பிகை சிரித்த சிரிப்பில் நம்பிக்கை இருந்தது. “கொப்பரை வரச் சொல்லு. தரகர் அப்புத்துரையரையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.”

அரியநாயகம் அம்பிகையோடும் தரகரோடும் வந்தான். தலை நரைத்து, சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு அல்போன்சம்மா வீட்டு முற்றத்தில் நின்றான். அயலட்டைச் சனங்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். இரஞ்சிதம் கதிரையில் இருந்தாள். அவனை இருக்கச் சொல்லவில்லை.

“எனக்கு வலிப்பு இருந்ததோ, அண்ணை? அப்புத்துரையருக்குச் சொல்லுங்கோ.”

அவன் தரகர் பக்கம் திரும்பினான். “இல்லை.”

“பலத்துச் சொல்லுங்கோ. வேலிக்கு அங்காலையும் கேக்கட்டும்.”

“இவவுக்கு வலிப்பு இல்லை. ஒருக்காலும் வந்ததில்லை. நான்தான் பொய் சொன்னனான்.” அவன் அழுதான். அப்புத்துரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி. போங்கோ.”

“கையெழுத்து, பிள்ளை?”

“கையெழுத்து வைக்கிறனெண்டு நான் சொல்லேல்லையே.”

அம்பிகைதான் தகப்பனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஒழுங்கை திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவணியில் மாப்பிள்ளை வேறிடத்தில் கலியாணம் முடித்தார். அல்போன்சம்மா அன்று பூசையிலிருந்து வந்து, செபமாலையைக் கையில் சுற்றியபடி அறை வாசலில் நின்றாள்.

“அந்தப் பெட்டை கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்குதாம். சாப்பிடுதில்லையாம். அது என்ன பாவம் செய்தது, இரஞ்சிதம்?”

இரஞ்சிதம் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“ஆர் சொன்னது?”

“கோயிலடியில கதைச்சினம்.”

“அழுகுதாமோ?”

அல்போன்சம்மா அவளை உற்றுப் பார்த்தாள். அந்தக் குரலில் ஒரு பசி இருந்தது. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.