நெருப்பில்லாத அடுப்பில் வந்த மின்சாரம்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பழவேற்காட்டு ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவன், எண்பதுகளில் இறால் அவிக்கும் கொட்டகைக்கே முதலாளி ஆனேன். என்னை யாரும் தூக்கிவிடவில்லை. என் தம்பியை நான்தான் தூக்கிவிட்டேன். சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

சூட்டை மின்சாரமாக்கும் பொருள் ஒன்றைச் செய்திருப்பதாகச் சொன்னான். உலோகம் இல்லையாம். கரியும் கந்தகமும் கலந்த மூலக்கூறுகளைத் தான் நினைத்தபடி கோத்து, நகத்தளவு கறுப்பு ஏடாக ஆக்கியிருந்தான். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் மின்சாரம் ஓடுமாம்.

"மின்சாரம் தாண்டணும், சூடு தாண்டக்கூடாது ணா. அதான் கஷ்டம்."

"வலைக்கண்ணு மாதிரி. பொடி போவணும், பெரிசு நிக்கணும்."

"அப்டித்தான் ணா."

"இத்தக் கத்துக்கவாடா இத்தினி வருசம் மெட்ராஸ்ல குந்தினுகீற?"

அதை என் கொட்டகை அடுப்பில் காட்டப் பேராசிரியரை அழைத்திருந்தான். மீட்டர் முள் அசைந்தால் பட்டம். இல்லாவிட்டால் ஆராய்ச்சியே நின்றுவிடும். ஏட்டைத் தகரத்தில் ஒட்டி, செம்புக் கம்பியால் மீட்டரோடு கோத்து, அடுப்புச் சுவரில் ஏரிக்காற்று படும்படி பொருத்திவிட்டு, அவரைக் கூட்டிவர பஸ்ஸடிக்குப் போனான்.

புது வலையோ புதுப் படகோ, ஏரித் தண்ணீரில் மஞ்சள் கரைத்துத் தெளிக்காமல் நாங்கள் தொழிலுக்கு எடுக்க மாட்டோம். என் மனைவி அந்த ஏட்டின் மேலும் தெளித்துவிட்டாள்.

அவர்கள் உள்ளே வந்தபோது முள் ஏறி நின்றது. இறால் அவிக்கும் பெண்கள் கைதட்டினார்கள். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

பேராசிரியர் குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். "இன்னும் நெருப்பே வைக்கலியேப்பா. கரண்ட் எங்கேர்ந்து வருது?"

தம்பி ஏட்டைத் தொட்டான். விரல் மஞ்சளானது. "ஏரியோட உப்புத் தண்ணி சார். தகரத்துக்கும் செம்புக்கும் நடுவுல பட்டு பேட்டரி மாதிரி ஆயிடுச்சு."

துடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான். தகரம் காய்ந்தது, முள் படுத்தே கிடந்தது. உப்பு ஏட்டைக் கெடுத்துவிட்டது என்று கெஞ்சினான்.

"இதுவரைக்கும் நீ காட்டினது மட்டும் நெசம்னு எப்படி நம்பறது?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார் அவர்.

"அண்ணி, இன்னா வேல செஞ்சீங்க!" என்று தம்பி கத்தினான்.

"அவள ஏண்டா கேக்கற? மஞ்சத் தண்ணி பட்டாலே சாவற சரக்கு, ஏரிக்காத்துல எத்தினி நாளு உசுரோட இருக்கும்?" என்றேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேராசிரியர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இன்னொரு ஏடு செய்து காட்ட அவர் விடவே இல்லை. ஊர் திரும்பியவனுக்கு நான்தான் வேலை கொடுத்தேன், கொதிக்கும் கொப்பரையைக் கிளறும் வேலை. "சூடு ஒனக்குப் பழக்கந்தானேடா" என்று சொல்லித் துடுப்பை நீட்டினேன். பெண்கள் மறுபடி சிரித்தார்கள். அவன் வாங்கிக் கிளறத் தொடங்கினான்.